மை வைத்த விரல் செல்ஃபி வாக்கு சேர்க்குமா? கொல்கத்தா சொல்லும் கணக்கு

வாக்குப்பதிவு நாளில் இன்ஸ்டாகிராமைத் திறந்தால் மை வைத்த விரல்களாக வரும். 'நான் போட்டுட்டேன், நீங்க?' என்று கேட்டு நண்பர்கள் ஸ்டோரி வைப்பார்கள். இதைப் பார்த்து யாராவது எழுந்து போய் வாக்களிக்கிறார்களா?

கொல்கத்தாவை எடுத்துக்கொள்வோம். 2024 மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்டமான ஜூன் 1 அன்று அங்கு வாக்குப்பதிவு நடந்தது. கொல்கத்தா தெற்கில் சுமார் 67%, வடக்கில் சுமார் 64% வாக்குகள் பதிவாயின. மேற்கு வங்கத்தின் மொத்த வாக்குப்பதிவோ சுமார் 79%. சென்னைக்காரர்கள் சிரிக்க வேண்டாம்: தென்சென்னையிலும் மத்திய சென்னையிலும் அதே தேர்தலில் சுமார் 54%தான். எந்நேரமும் போனும் கையுமாக இருக்கும் நகரங்களில்தான் வாக்கு குறைகிறது.

தேர்தல் ஆணையம் என்ன செய்கிறது?

வாக்காளர் விழிப்புணர்வுக்காக 'ஸ்வீப்' என்ற திட்டத்தை ஆணையம் 2009 முதல் நடத்துகிறது. 2011 முதல் ஜனவரி 25 தேசிய வாக்காளர் தினம். 2017 ஜூலையில் ஃபேஸ்புக்குடன் சேர்ந்து, 'பெயரைப் பதிவு செய்யுங்கள்' என்ற நினைவூட்டலைத் தமிழ், வங்காளம் உட்பட 13 மொழிகளில் பயனர்களுக்குக் காட்டியது. 2024-ல் முதல்முறை வாக்காளர்களைக் குறிவைத்து 'டர்னிங் 18' என்ற சமூக ஊடகப் பிரசாரமும் நடந்தது.

இதெல்லாம் வேலை செய்யுமா?

செய்யும், ஆனால் கொஞ்சம்தான். 2010 நவம்பரில் அமெரிக்கத் தேர்தல் நாளன்று ஃபேஸ்புக்கில் சுமார் 6.1 கோடி பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. முடிவுகள் 2012-ல் 'நேச்சர்' இதழில் வெளியாயின. 'இன்று தேர்தல், வாக்களியுங்கள்' என்று வெறும் தகவல் பார்த்தவர்களிடம் மாற்றம் எதுவும் இல்லை. வாக்களித்த நண்பர்களின் முகங்களோடு அதே செய்தியைப் பார்த்தவர்கள் மட்டும், எந்தச் செய்தியும் பார்க்காதவர்களைவிட 0.39 சதவீதப் புள்ளி கூடுதலாக வாக்களித்தார்கள். நண்பர்கள் வழியாகப் பரவியதையும் சேர்த்தால் சுமார் 3.4 லட்சம் கூடுதல் வாக்குகள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

அதாவது ஆளை நகர்த்துவது விளம்பரம் அல்ல, தெரிந்தவரின் முகம். அதிலும் நெருங்கிய நண்பர்களின் தாக்கமே அதிகம்.

அப்புறம் நகரங்களில் ஏன் குறைவு?

சோம்பல் மட்டும் காரணமல்ல. நகரத்தில் வீடு மாறுவோர் அதிகம். பழைய முகவரியில் பெயர் நிற்கும், ஆள் வேறு ஊரில் இருப்பார். இறந்தவர்கள், இடம் மாறியவர்கள் பெயர்கள் பட்டியலில் தங்கிவிட்டாலும் வாக்குப்பதிவு சதவீதம் குறைவாகத்தான் தெரியும்.

இதைச் சரிசெய்யத்தான் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று ஆணையம் சொல்கிறது. மேற்கு வங்கத்தில் 2025 டிசம்பர் 16 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் 58 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. தகுதியானவர்களின் பெயரும் விடுபடும் என்று எதிர்க்கட்சிகளும் திரிணாமுல் காங்கிரஸும் எதிர்ப்புத் தெரிவித்தன. பட்டியலில் பெயர் இல்லாதவரை எந்த ரீல்ஸும் வாக்களிக்க வைக்க முடியாது.

இங்கேதான் நேரம் முக்கியம். வேட்புமனு தாக்கலின் கடைசி நாளுக்குப் பிறகு பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது. ஆகவே தேர்தல் நாள் காலையில் வரும் ஸ்டோரியைவிட, சில மாதங்கள் முன்பே 'லிஸ்ட்ல உன் பேர் இருக்கா பாரு' என்று வரும் வாட்ஸ்அப் மெசேஜுக்குப் பயன் அதிகம்.

கட்சிப் பிரசாரமும் இதுவும் ஒன்றா?

இல்லை. 2021 சட்டமன்றத் தேர்தலில் திரிணாமுல் காங்கிரஸின் 'கேலா ஹோபே' முழக்கம் இணையமெங்கும் பரவியது. அது ஒரு கட்சிக்கு ஆதரவு கேட்பது. 'யாருக்காவது போடு, ஆனால் போடு' என்பது வேறு. பிரசாரம் ஓயவேண்டிய கடைசி 48 மணி நேரத்தில் விதிமீறலான பதிவுகளை ஆணையம் சுட்டிக்காட்டினால், 3 மணி நேரத்துக்குள் நடவடிக்கை எடுப்பதாக சமூக ஊடக நிறுவனங்கள் 2019-ல் ஒப்புக்கொண்டுள்ளன.

பதிவிடும்போது கவனிக்க வேண்டியது?

செல்ஃபியை வாக்குச்சாவடிக்கு வெளியே எடுங்கள். உள்ளே போன் கூடாது. வாக்கு இயந்திரத்தைப் படமெடுத்துப் போடுவது ரகசிய வாக்குரிமையை மீறும் செயல்; வழக்கு வரலாம்.

வேலைக்காக கொல்கத்தா போன தமிழர் எங்கே வாக்களிப்பது?

வழக்கமாக எங்கே வசிக்கிறீர்களோ, அங்கே. ஊரிலும் ஓர் ஓட்டு, இங்கேயும் ஓர் ஓட்டு என்று இரண்டு இடத்தில் பெயர் வைத்திருக்க சட்டம் அனுமதிக்காது. முகவரி மாற்றத்துக்குப் படிவம் 8, புதிதாகச் சேரப் படிவம் 6. இரண்டையும் ஆணையத்தின் இணையதளத்திலேயே நிரப்பலாம். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்கு அழைக்கலாம். 18 வயதை எட்டியோருக்கான தகுதி நாட்கள் இப்போது ஆண்டுக்கு நான்கு: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1.

முதலில் உங்கள் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கூடத் தங்கியிருக்கும் நண்பரிடம் அதையே கேளுங்கள்.