வனிலாக் கொடியும் எட்மோன் என்ற சிறுவனும்

மாசி, பங்குனி மாதங்களில் எங்கள் வீட்டில் காலைக் காப்பிக்கு முன் ஒரு வேலை உண்டு. மனைவி கையில் ஒரு மூங்கில் சிலாம்பு, என் கையில் ஒரு கூடை. வேலியோரத்து வனிலாக் கொடிகளில் அன்று மலர்ந்த பூக்களைத் தேடிப் போவோம். விடியலில் விரியும் பூ மதியத்துக்குள் வாடிவிடும். அதற்குள் அதைத் தொட்டாக வேண்டும். தொடாவிட்டால் காய் கிடையாது.

விடுமுறைக்கு வந்த பேரன் கேட்டான்: "ஏன் தாத்தா, பூவுக்கு நாமா கல்யாணம் பண்ணி வைக்கணும்? தேனீ வராதா?"

நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வனிலா நம் ஊர்ச் செடி இல்லை. மெக்சிகோ காட்டுக் கொடி. ஆர்க்கிட் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பூவில் மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே மெல்லிய சவ்வு ஒன்று தடுப்பாக நிற்கிறது. அதைத் தாண்டிப் போகத் தெரிந்த தேனீக்கள் அதன் தாயகத்தில் உண்டு, கடல் கடந்து கொண்டுபோன ஊர்களில் இல்லை. அதனால் 1820ஐ ஒட்டி இந்தியப் பெருங்கடலில் உள்ள பூர்போன் தீவுக்கு, அதாவது இன்றைய ரெயூனியோனுக்கு, பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுபோன கொடி பூத்ததே தவிர நெடுங்காலம் காய்க்கவில்லை. 1836இல் பெல்ஜியத்தில் மோரென் என்ற தாவரவியலாளர் கையால் மகரந்தம் சேர்த்துக் காட்டினார். ஆனால் அது தோட்டத்துக்கு ஒத்துவரும் முறையாக அமையவில்லை.

1841இல் அந்தத் தீவின் செயின்ட் சுசான் ஊரில் தோட்டக்காரர் பெல்லியே போமோன், தன் கொடியில் இரண்டு காய்கள் தொங்குவதைக் கண்டு திகைத்தார். உடன் வந்த 12 வயதுப் பையன் எட்மோன், "நான்தான் செய்தேன்" என்றான். தாயை இழந்த அடிமைச் சிறுவன். பள்ளிப் படிப்பு கிடையாது. தர்பூசணிப் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்ப்பதை எசமானர் காட்டியிருந்தார். அதை மனத்தில் வைத்து, சிறு குச்சியால் வனிலாப் பூவின் சவ்வை மேலே தூக்கிக் கட்டை விரலால் மெல்ல அழுத்தியிருக்கிறான். அவ்வளவுதான் வித்தை. எங்கள் வீட்டில் இன்று காலை நடந்ததும் அதே வித்தைதான்.

பக்கத்துத் தோட்டக்காரர்கள் அவனை வண்டியில் அழைத்துப் போய்க் கற்றுக்கொண்டார்கள். தீவு வனிலாவால் செழித்தது. எட்மோனுக்கு என்ன கிடைத்தது? 1848இல் அடிமைமுறை ஒழிந்தபோது விடுதலையும் அல்பியுஸ் என்ற குடும்பப் பெயரும் கிடைத்தன. பிறகு ஒரு நகைத் திருட்டு வழக்கில் சிறை. கண்டுபிடிப்பு தன்னுடையது என்று ரிஷார் என்ற தாவரவியலாளர் உரிமை கொண்டாடினார். பெல்லியே போமோன்தான் பையனுக்காகக் கடிதம் எழுதி வாதாடினார். இருந்தும் 1880இல் எட்மோன் வறுமையிலேயே இறந்தார்.

நான் காரைக்காலில் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன். பிரான்சின் ஆறுகளையும் அரசர்களையும் மனப்பாடம் செய்தோம். ரெயூனியோன் நிலப்படத்தில் ஒரு புள்ளி. எட்மோன் பெயரை எந்த ஆசிரியரும் சொல்லவில்லை. அந்தத் தீவு நமக்கு அந்நியமும் அல்ல. அடிமைமுறை ஒழிந்த பிறகு கரும்புத் தோட்டங்களுக்குக் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நம்மவர்கள் கூலிகளாகக் கப்பலேறினார்கள். அவர்கள் வழிவந்தவர்களை அங்கே 'மல்பார்' என்கிறார்கள். வனிலாப் பூவுக்கு மகரந்தம் சேர்க்கும் பெண்களுக்கு அங்கே 'மரியூஸ்', மணமுடித்து வைப்பவள், என்று பெயர். பேரன் கேட்டதும் அதே சொல்தான்!

இந்தக் கொடி எங்கள் வேலிக்கு வந்த கதையும் உண்டு. 2000 ஏப்ரலில் மடகாஸ்கரைப் புயல் தாக்கியது. உலகச் சந்தையில் வனிலாவுக்குத் தட்டுப்பாடு. 2003 வாக்கில் பதப்படுத்திய வனிலா கிலோ 500 டாலரைத் தொட்டது. கர்நாடகம், கேரளம், தமிழ்நாடு எங்கும் அந்த மோகம். என் மைத்துனரும் காப்பித் தோட்டத்தில் 200 கொடிகள் வைத்தார். கொடி பூக்க மூன்று ஆண்டு ஆகும். அதற்குள் மடகாஸ்கர் தேறிவிட்டது. பெரிய கம்பெனிகளும் செயற்கை வனிலினுக்கு மாறிவிட்டன. விலை பத்தில் ஒன்றாக விழுந்தது. முன்பணம் தருவதாகச் சொன்ன வியாபாரி பிறகு எட்டிப் பார்க்கவில்லை. மைத்துனர் கொடிகளைப் பிடுங்கிவிட்டு மிளகு ஏற்றினார். வேலியோரம் 12 கொடிகள் மட்டும் தப்பின. நான் ஓய்வு பெற்று இங்கே வந்தபோது அவை என் பொறுப்புக்கு வந்தன.

வளர்க்க விரும்புவோருக்குச் சில வார்த்தைகள். பாதி நிழல் வேண்டும். கிளைரிசிடியா மரத்தில் ஏற்றலாம். ஆள் உயரத்துக்கு மேல் போகவிடாமல் வளைத்துத் தொங்கவிட்டால்தான் பூக்கும். அடியில் இலைச்சருகு நிறையப் போடுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும். ஒரு கொத்தில் எட்டுப் பத்துப் பூவுக்கு மேல் தொடாதீர்கள், கொடி தாங்காது. காய் முற்ற ஒன்பது மாதம். அப்போதும் மணம் இருக்காது. வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி, நாள்தோறும் வெயில் காட்டி, மாதக்கணக்கில் பதப்படுத்தினால்தான் அந்த வாசனை.

எல்லாம் முடிந்தால் எங்களுக்கு வருடத்துக்கு ஒரு சிறு டப்பா தேறும். விற்பதில்லை. பாயசத்துக்கும் பிள்ளைகளுக்கும் போகிறது.

மறுநாள் காலை பேரன் கையில் சிலாம்பைக் கொடுத்தேன். முதல் பூ கிழிந்தது. மூன்றாவது சரியாக வந்தது. அவனுக்கும் வயது 12.