மாதோட்ட மண்மேட்டிலே

சீன தேசத்தின் மேற்குப் பகுதியிலே தக்லமக்கான் என்னும் பெரும்பாலை பரந்து கிடக்கின்றது. அதன் மணலின் கீழே லூலான், நியா முதலிய பண்டை நகரங்கள் பன்னூறாண்டு உறங்கிக் கிடந்தன. சுவீடன் நாட்டவரான சுவென் ஹெடின் 1900ஆம் ஆண்டிலே லூலானின் இடிபாடுகளைக் கண்டார். அடுத்த ஆண்டிலே ஆரல் ஸ்டைன் நியாவில் அகழ்ந்து, மரப்பலகைகளில் எழுதப்பெற்ற கடிதங்களை வெளிக்கொணர்ந்தார். பட்டு ஏற்றிய ஒட்டக நிரைகள் சென்ற வழியிலே செழித்திருந்த ஊர்கள் அவை. நீர் விலகிற்று, வணிகம் வேறு வழி நாடிற்று, மக்கள் நீங்கினர், மணல் வந்து மூடிற்று.

கி.பி. 399ஆம் ஆண்டிலே தன்னூரை விட்டுப் புறப்பட்ட பாஹியான் என்னும் சீனத் துறவி, இந்தப் பாலையைக் கடந்தே பாரத நாட்டை அடைந்தார். இறந்தோரின் எலும்புகளைத் தவிர வழிகாட்ட வேறு அடையாளம் இல்லாத நிலம் அது என்று அவர் எழுதிவைத்தார். பின்னர் ஈழத்துக்கு வந்து ஈராண்டு தங்கினார். அநுராதபுரத்து அபயகிரி விகாரையிலே ஒருநாள், வணிகன் ஒருவன் காணிக்கையாக வைத்த வெண்பட்டு விசிறியைக் கண்டார். அது தம் சீன நாட்டு விசிறி. ஊர் நினைவு மேலிட, அவர் கண்கள் நீர் சொரிந்தன.

பாலையிலே எலும்பைக் கண்டு கலங்காதவரை ஒரு விசிறி கலங்க வைத்தது. சீனத்துப் பொருள்கள் கடல் கடந்து ஈழம் வந்த அக்காலத்திலே, அநுராதபுரத்தின் கடல்வாயிலாக விளங்கிய துறை மாந்தை. மாதோட்டம் என்றும் அதனை வழங்குவர். பாளி நூல்கள் மகாதித்த என்று கூறும். மன்னார்க் கரையிலே மணலும் முட்புதரும் மூடிக் கிடக்கும் அந்தப் பண்டை மாநகரைக் கண்டுவந்த வரலாற்றையே ஈண்டு எழுதத் துணிந்தோம்.

புறப்பாடு

பள்ளியிலே வேதபாட வகுப்பிலே நினிவேயும் பாபிலோனும் அழிந்த கதையை வரி பிசகாது ஒப்புவித்தவர்கள் நாங்கள். மாந்தையைப் பற்றி ஒரு வரிகூட எங்களுக்குத் தெரியாது. அது பள்ளியின் குற்றமன்று. வீட்டு முற்றத்தில் என்ன புதைந்திருக்கிறது என்று நாமே கேட்டறியவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே, மகா சிவராத்திரிக்குத் திருக்கேதீச்சரம் செல்வதென்று மன்ற இளைஞர்கள் முடிவு செய்தபோது, தரிசனத்தோடு அந்த மண்மேட்டையும் நடந்து பார்ப்பதென்று சேர்த்துக்கொண்டோம். பெரியோர் சிலரும் உடன் வந்தனர். அட்டாளைச்சேனையிலிருந்து வாடகைக்கு அமர்த்திய பஸ்ஸிலே புறப்பட்டோம். வண்டியோட்டி நம்மூர் முஸ்லிம் அன்பர். பெரியவர் சிறியவர் எல்லோருக்கும் அவர் 'காக்கா'தான்.

நிந்தவூர், கல்முனை, மட்டக்களப்பு என வடக்கே ஓடிய வண்டி பொலன்னறுவையையும் அநுராதபுரத்தையும் இரவிலே கடந்தது. மதவாச்சியிலிருந்து மேற்கே திரும்பி, முருங்கனை அண்மியபோது பொழுது புலர்ந்தது. கல்லோயாப் பாய்ச்சலிலே பச்சைவயல் பார்த்துப் பழகிய கண்களுக்கு அந்த நிலம் புதுமையாயிருந்தது. உடைமரமும் பனையும் உவர்நிலமும் தவிர, கண்ணுக்கெட்டிய தூரம் வேறொன்றும் இல்லை. "இங்கயா தம்பி பட்டணம் இருந்த?" என்று காக்கா வியந்தார்.

பெருந்துறை

இங்கேதான் இருந்தது. அநுராதபுரத்தைத் தொட்டுவரும் அருவியாறு, மன்னாருக்குத் தெற்கே கடலோடு கலக்கின்றது. மாந்தையோ, தலைமன்னார் வரை நீண்டு கிடக்கும் தீவுக்கு எதிரே, பெருநிலத்தின் ஓரத்திலே அமைந்தது. மேற்கிலிருந்து வரும் கப்பலுக்கும் கிழக்கிலிருந்து வரும் கப்பலுக்கும் இது சந்திக்கும் இடம். நகரைச் சூழ்ந்து குதிரை இலாட வடிவிலே இரட்டை அகழி வெட்டியிருந்தார்கள். அதன் தடத்தை இன்றும் காணலாம். விசயனுக்குப் பாண்டி நாட்டிலிருந்து வந்த மணமகள் இத்துறையிலேதான் இறங்கினாள் என்று மகாவம்சம் கூறும்.

ஆறாம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியா நகரத்துக் கிறித்தவ வணிகரான கொஸ்மாஸ் என்பவர் ஈழத்து வாணிபத்தைப் பற்றி எழுதினார். பாரதம், பாரசீகம், எத்தியோப்பியா ஆகிய நாடுகளின் கப்பல்கள் இத்தீவுக்கு வந்தன என்றும், பட்டு, அகில், கிராம்பு, சந்தனம் என்பன கீழ்த்திசையிலிருந்து வந்து இங்கிருந்து மேற்கே போயின என்றும், பாரசீகக் கிறித்தவர்கள் இங்கே குடியிருந்தனர் என்றும் அவர் குறித்தார். துறைமுகத்தின் பெயரை அவர் சொல்லவில்லை. ஆயினும் மாந்தையின் மண்ணிலே, பாரசீகத் திருச்சபையாரின் சிலுவை பதித்த களிமண் முத்திரையொன்று அகழ்வாளர் கைக்குக் கிடைத்திருக்கின்றது.

பாடல்பெற்ற பதி

வணிகர் கூடிய அந்நகரிலேதான் கேதீச்சரநாதர் கோயில்கொண்டார். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் இத்தலத்தைப் பாடியருளினர். ஈழத்தில் தேவாரப் பதிகம் பெற்ற தலங்கள் இதுவும் திருக்கோணேச்சரமும் ஆகிய இரண்டே. சோழராட்சிக் காலத்திலே மாதோட்டம் இராசராசபுரம் என்று பெயர் பெற்றது. தாழிகுமரன் என்னும் சோழ அதிகாரி அங்கே இராசராச ஈச்சரம் என்ற கோயிலை எடுப்பித்து, வைகாசி விசாகத் திருவிழாவுக்கு நிவந்தம் அளித்ததைக் கூறும் கல்வெட்டு கொழும்பு நூதனசாலையிலே உள்ளது.

எனினும் சோழர் காலமே நகரின் மாலைக்காலமும் ஆயிற்று. 993ஆம் ஆண்டளவிலே அநுராதபுரம் வீழ்ந்தது. தலைநகர் பொலன்னறுவைக்கு மாறிற்று. தலைநகர் நகர்ந்தால் துறையும் தளரும். பதினோராம் நூற்றாண்டுக்குப் பின்னர் மாந்தையின் பழஞ்சிறப்பு குன்றியது. 1560ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றிக் கோட்டை கட்டினர். கோயிற் கற்களைப் பெயர்த்தே அக்கோட்டையை எழுப்பினர் என்பது வழிவழி வரும் செய்தி.

அப்பால் முந்நூறு ஆண்டு காடு மூடிற்று. 1872ஆம் ஆண்டிலே ஆறுமுக நாவலர் இத்தலத்தை மீட்க வேண்டுமென்று சைவ மக்களை எழுப்பினார். அவரும் மிஷன் பள்ளியிலே கற்று, அங்கேயே கற்பித்தவர் என்பதை நினைக்கும்போது எங்களுக்கு ஓர் உவகை. 1893இலே நிலம் வாங்கப்பெற்றது. அடுத்த ஆண்டிலே மண்ணுள் இருந்து பழைய சிவலிங்கம் வெளிப்பட்டது. 1948இலே திருப்பணிச் சபை தோன்றிற்று. சேர் கந்தையா வைத்தியநாதன் தம் பிற்கால வாழ்வையே அப்பணிக்கு ஈந்தார். 1976இலே கும்பாபிடேகம் நிறைவேறிற்று. 1990இலே போர் வந்தது, ஊரவர் அகன்றனர், கோயிற் சூழல் படையினர் வசமாயிற்று. பின்னர் இந்திய அரசின் உதவியோடு கருங்கற் றிருப்பணி நடந்து, 2022ஆம் ஆண்டு ஆடித் திங்கள் தொடங்குமுன் மீண்டும் கும்பாபிடேகம் கண்டது.

பாலாவித் தீர்த்தத்திலே நீராடி, குடத்திலே நீர்மொண்டு சென்று, எங்கள் கையாலேயே மகாலிங்கப் பெருமானுக்கு வார்த்து வழிபட்டோம். புதையுண்டு எழுந்த இறைவனுக்கு நீர் வார்த்தபோது உடல் சிலிர்க்காதவர் எவருமில்லை.

கரிந்த கிராம்பு

மறுநாட் காலை கோயிலைச் சூழ்ந்த மேட்டிலே நடந்தோம். காலடியெங்கும் ஓட்டுத் துண்டுகள். 1980 முதல் 1984 வரை ஜோன் காஸ்வெல் தலைமையிலே இங்கே பெரிய அகழாய்வு நடந்தது. சீனத்துத் தாங் அரசர் காலத்துப் பீங்கான்களும், பாரசீக வளைகுடாப் பக்கத்து மெருகிட்ட சாடிகளும், மணி செய்த பட்டறைக் கழிவுகளும் கிடைத்தன. நாட்டிலே கலவரச் சூழல் மூண்டதால் பணி நின்றது. அதன் முழு அறிக்கை 2013இலேதான் அச்சேறிற்று.

போர் ஓய்ந்தபின் 2009இலும் 2010இலும் தொல்பொருள் திணைக்களத்தாரும் வெளிநாட்டு ஆய்வாளரும் மறுபடி அகழ்ந்தனர். இம்முறை அவர்கள் மண்ணை நீரிலே கரைத்து, மிதந்து வந்த கரித்துகள்களைச் சலித்தெடுத்தனர். அவற்றுள் நெல் மிகுதி. இவ்வறண்ட கரையிலே விளையாத கோதுமையும் இருந்தது. கருகிய மிளகும் இருந்தது. இன்னும் ஒன்று: ஒரேயொரு கிராம்பு. அதன் காலம் கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டது. ஆசியாவிலே அகழ்ந்தெடுத்த கிராம்புகளுள் மிகப் பழையது இதுவே என்று அறிஞர்கள் அறிவித்தனர். கிராம்பு அக்காலத்திலே விளைந்த இடம் இந்தோனேசியாவின் மொலுக்காத் தீவுகள் மட்டுமே. கொஸ்மாஸ் எழுத்திலே சொன்னதை ஒரு கரித்துண்டு மெய்ப்பித்தது.

இதனைக் கேட்டுக்கொண்டு வந்த எங்கள் மன்றத்துத் தம்பி ஒருவன் தயங்கித் தயங்கித் தன் சட்டைப்பையிலிருந்து பச்சை மெருகோடு கூடிய ஓடொன்றை எடுத்து நீட்டினான். மன்ற மண்டபத்திலே கண்ணாடிப் பேழையில் வைக்க நினைத்தானாம். உடனே வாதம் மூண்டது. "நம் கோயில் மண், நாம் எடுப்பதில் என்ன தவறு?" என்றார் ஒருவர். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டம் அதனைத் தடுக்கின்றது என்றார் மற்றொருவர். தொல்லியல் பயிலும் அண்ணர் சொன்ன விடையே எங்கள் மனத்தில் நின்றது: "ஓடு கிடந்த இடத்திலே கிடக்கும்வரைதான் பேசும். எந்த மட்டத்திலே, எதனோடு சேர்ந்து கிடந்தது என்பதே அதன் வாய்மொழி. எடுத்துவிட்டால் அது வெறும் ஓடு. நாம் அதன் நாவை அறுத்தவர்கள்." அந்தக் கிராம்பை எவனாவது முன்னரே தோண்டிக் கிளறியிருந்தால், தூசியோடு தூசியாகப் போயிருக்குமன்றோ? தம்பி எடுத்த இடத்தைத் தேடிச்சென்று வைத்துவிட்டு வந்தான்.

யாருடைய நகரம்?

அப்போது காக்காவும் எங்களோடு நின்றார். நீல மெருகோடு கிடந்த துண்டொன்றைக் காட்டி, "தம்பி, இது ஆருட ஆக்கள் கொண்டு வந்த?" என்று கேட்டார்.

"பஸ்ராப் பக்கத்துப் பாண்டமாக இருக்கலாம் காக்கா. அரபு, பாரசீகக் கப்பல்களில் வந்திருக்கும்."

"அப்ப அந்தப் பச்சை?"

"அது சீனத்ததாக இருக்கலாம்."

"அப்ப உங்கட ஓடு எங்க?"

அண்ணர் சிரித்துக்கொண்டு காலடியைக் காட்டினார். மேடு முழுதும் பரந்து கிடந்த சிவந்த ஓடுகள் அத்தனையும் உள்ளூர்ச் சட்டி பானைகளே.

"அப்ப சோறாக்கின உங்கட சட்டி, விளம்பின எங்கட பீங்கான்!" என்றார் காக்கா. எல்லோரும் சிரித்தோம். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று நம் கீழ்க்கரையிலே தமிழரையும் முஸ்லிம்களையும் சொல்வதன் பழம்பொருளை அன்று அந்த மேட்டிலே கண்டோம்.

சிரித்தபின் சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. 1990ஆம் ஆண்டிலே இம்மன்னார்க் கரையிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் படைக்கு அஞ்சிக் கடல் கடந்தன. அதே ஆண்டு ஐப்பசியிலே, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த முஸ்லிம் மக்களைப் புலிகள் வெளியேற்றினர். நம் கீழ்க்கரையிலும் இருபாலும் சிந்திய குருதியைப் பெரியோர் அறிவர். பல இனத்தார் கூடி ஆயிரமாண்டு வாழ்ந்த மண்ணிலே, சேர்ந்திருக்க இயலாதென்று காட்டியது நம் காலம்.

கொழும்பு நூதனசாலையிலே தாழிகுமரன் கல்வெட்டு இருக்கும் அதே கூரையின் கீழ் இன்னொரு கல்லும் உண்டு. சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹோ 1409ஆம் ஆண்டு பொறிப்பித்துக் கொண்டுவந்து நாட்டியது. காலியிலே 1911இல் கண்டெடுக்கப்பட்டது. சீன மொழியிலே புத்தருக்கும், தமிழிலே தென்னாவர நாயனாருக்கும், பாரசீகத்திலே அல்லாவுக்கும் காணிக்கை கூறும் ஒரே கல். மூன்று மொழியும் மூன்று வழிபாடும் ஒரு கல்லிலே இடம் கண்டன.

நமது கடமை

சைவ இளைஞர் நாம் கேதீச்சரத்தை நம் தலம் என்று போற்றுவது முறையே. நாவலர் வழிவந்த நமக்கு அது உரிமையும் ஆகும். ஆயின், கோயிலை எடுத்துக்கொண்டு நகரத்தை மறந்தால், பாதி வரலாற்றை நாமே மீண்டும் மண்ணிட்டு மூடியவராவோம். தேவாரம் எழுந்த காலத்து மாதோட்டத் தெருவிலே அரபும் பாரசீகமும் சீனமும் பேசியவர்களும் நடந்தனர். அவர்கள் வந்ததனாலேயே அந்நகர் பெருந்துறையாயிற்று. அவர்கள் வராதொழிந்தபோது அதுவும் ஒழிந்தது. லூலானுக்கு நேர்ந்ததும் ஏறக்குறைய இதுவே.

நம் அயலிலேயே செய்ய வேண்டியவை உள. திருக்கோவிலிலே தமிழ்க் கல்வெட்டு இருக்கின்றது. அதனைச் சென்று படித்தோர் நம்மிலே எத்தனை பேர்? வயலுழும்போதும் கிணறு தோண்டும்போதும் ஓடோ செங்கல்லோ கிடைத்தால் வீசியெறியாமலும் வீட்டுக்குக் கொண்டுபோகாமலும், இடத்தைக் குறித்துவைத்து அறிந்தோருக்கு அறிவிப்பது இளைஞர் கடன். அது யாருடைய முன்னோரின் ஓடு என்று பார்த்தபின் அறிவிப்போம் என்று எண்ணுதல் கூடாது. பெரியோர்களும் தாம் அறிந்த ஊர்ச் செய்திகளை நமக்குச் சொல்லிவைக்க வேண்டுகின்றோம்.

வண்டி ஊர் திரும்புகையில் அந்தத் தம்பியின் சட்டைப்பை வெறுமையாயிருந்தது. ஆனால் அவன்தான் வழிநெடுக மாந்தையைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தான்.