துண்டுச் சீட்டும் கடன் குறிப்பும்

பத்துமலையைச் சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்கள் இருந்தன. இன்று அவ்விடங்களில் அடுக்குமாடிகளும் தொழிற்சாலைகளும் நிற்கின்றன. தோட்டங்கள் கைமாறியபோது, லயத்து வீடுகளில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்கள் வெளியேற நேர்ந்தது. வீடு தோட்டத்திற்கு உரியது. வேலை போனால் வீடும் போயிற்று. ஆதலின், சொந்த வீடு என்பது நம்மவர்க்கு ஆடம்பரமன்று. மீண்டும் ஒருமுறை வெளியேற்றப்படாமல் இருப்பதற்கான காப்பு ஆகும்.

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் மனம் நொந்து வந்தார். கடன்பற்று அட்டையில் ஏறியிருந்த பதினாயிரம் வெள்ளியை முற்றாகக் கட்டி முடித்து, மறு வாரமே வீட்டுக் கடனுக்கு எழுதிப்போட்டிருக்கிறார். வங்கி இசையவில்லை. “கடனைத்தான் கட்டிவிட்டேனே, சார்! இன்னும் என்ன?” என்றார். இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், நம் முன்னோரின் கடன் எவ்வாறு எழுதப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவது நலம்.

இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் திரட்டிய கங்காணி, அப்பணத்தைக் கூலிகளின் பேரில் கடனாக எழுதிக்கொண்டான். அவர்கள் வேறு தோட்டம் போக விரும்பினால், இத்தனை ரூபாய் கடன் கட்டப்பட்டால் இவர்களை விடுவிப்பேன் என்று தோட்டத் துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். அதுவே துண்டு. புதிய துரை அத்தொகையைக் கட்டுவார், கடன் தீர்ந்ததா? இல்லை. புதிய தோட்டத்தின் கணக்கில் அது மீண்டும் அவர்கள் தலையில் ஏறிற்று. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி, தன் பேரில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதையும் அறியான். இம்முறையை 1921ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம் ஒழித்தது.

மலாயாவில் வரலாறு சற்றே வேறு வழியில் சென்றது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டது. ஆள் வேண்டிய முதலாளிகளிடம் வரி தண்டி, கப்பற் செலவு அந்நிதியிலிருந்து கொடுக்கப்பட்டது. ஆகவே, வந்திறங்கியவன் பயணக் கடன் இன்றியே இறங்கினான். ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஆள் திரட்டுதலும் 1910இல் நின்றது. எனினும், கடன் அடியோடு ஒழிந்ததென்று கூறுதற்கில்லை. மளிகைக் கடைப் பற்றும் வட்டிக் கடனும் சம்பள நாளை எதிர்நோக்கியே நின்றன. இதற்கு மாற்றாகவே 1922இல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்தது. 1951இல் வட்டித் தொழிலை ஒழுங்குபடுத்தும் சட்டம் வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவினார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய தவணைப் பணமே தோட்டங்களை வாங்கிற்று. தவணை தவறாமை என்னும் பண்பு நம் மக்களுக்குப் புதிதன்று என்பதற்கு இது சான்று.

இனி, இன்றைய ஏட்டைக் காண்போம். பேங்க் நெகாரா 1982இல் கடன் தகவல் பிரிவு ஒன்றை அமைத்தது. 2001இல் அது ‘சிசிரிஸ்’ எனப்படும் கணினி முறையாயிற்று. வங்கிகள் தம்மிடம் கடன் பெற்றோரின் நிலையை மாதந்தோறும் அதற்கு அறிவிக்கின்றன. குறிப்பில் நிலுவைத் தொகை இருக்கும். கடந்த பன்னிரண்டு மாதங்களில் ஒவ்வொரு மாதமும் தவணை எப்படிக் கட்டப்பட்டது என்பதும் இருக்கும். தவறாதிருந்தால் சுழி, ஒரு மாதம் பிந்தியிருந்தால் ஒன்று, இரு மாதம் பிந்தியிருந்தால் இரண்டு. சிலர் இதனைக் ‘கறுப்புப் பட்டியல்’ என்பர். அது பொருந்தாது. இம்முறை எவரையும் நல்லவர், தீயவர் என்று சொல்வதில்லை. நடந்ததை மட்டுமே காட்டுகிறது. கடன் கொடுப்பதும் மறுப்பதும் அந்தந்த வங்கியின் முடிவு.

கடன் தீர்த்தவரின் விண்ணப்பத்தை வங்கி இருவகையாக எடைபோடுகிறது. முதலாவது, சுமை. மாத வருமானத்தில் எவ்வளவு கடனுக்குப் போகிறது என்று கணக்கிடும்போது, அட்டை நிலுவையில் நூற்றுக்கு ஐந்தை மாதத் தவணையாகக் கொள்வது பரவலான வழக்கம். பதினாயிரம் வெள்ளி நிலுவைக்கு மாதம் 500 வெள்ளி. அது தீர்ந்தால் அந்த 500 வெள்ளி விடுபடும். ஆண்டுக்கு நூற்றுக்கு நான்கு வட்டியில் 35 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால், அத்தவணை ஏறத்தாழ 1,13,000 வெள்ளி வீட்டுக் கடனைத் தாங்கும். ஆகவே, கடன் தீர்த்தது வீண் என்று எண்ணுதல் பிழை.

இரண்டாவது, நடத்தை. இது ஒரே நாளில் மாறுவதன்று. சென்ற மாதம் முழுவதும் கட்டினாலும், அதற்கு முன் பிந்திய மாதங்கள் பன்னிரு மாதக் கட்டத்தை விட்டு அகலும் வரை குறிப்பில் நிற்கும். என் மாணவர் மூன்று மாதங்கள் பிந்திக் கட்டியிருந்தார். அதனை அவர் மறந்தார், ஏடு மறக்கவில்லை. அன்றியும், வங்கிகள் மாதத்திற்கு ஒருமுறையே அறிவிப்பதால், அவர் கட்டிய தொகையும் அப்போது ஏட்டில் ஏறவில்லை. வங்கியின் கண்ணுக்குப் பதினாயிரமும் நிலுவையாகவே தெரிந்தது!

இங்கேதான் துண்டுக்கும் இக்குறிப்புக்கும் உள்ள வேற்றுமை விளங்கும். துண்டில் கடன் மட்டும் இருந்தது. கடன்பட்டவனின் நாணயம் அதில் இல்லை. சிசிரிசில் ஒழுங்காகக் கட்டிய மாதமும் ஏறுகிறது. துண்டைத் துரையும் கங்காணியுமே படித்தனர். இதனையோ உரியவர் கட்டணமின்றித் தாமே பெற்றுப் பார்க்கலாம். தவறிருப்பின் திருத்தக் கோரலாம். நம் பாட்டனாருக்குக் கிட்டாத இவ்வுரிமையைப் பயன்படுத்தாதிருப்பது நம் குறையேயாகும்.

ஆதலின் மாணவருக்கு நான் கூறியது இதுவே. கடன் தீர்ந்தது என்று வங்கியிடம் கடிதம் பெறுக. தன் குறிப்பைத் தானே முதலில் படித்துப் பார்க்க. மற்றத் தவணைகளைச் சில மாதங்கள் ஒரு நாளும் தவறாது கட்டுக. அதுவரை வங்கி வங்கியாக விண்ணப்பம் போட வேண்டா. அவ்விண்ணப்பங்களும் குறிப்பில் தோன்றும். கடன் கைமீறிப் போனவர்க்கு, 2006இல் பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. நிறுவனம் ஆலோசனை தருகிறது.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு விண்ணப்பம். வட்டிக் கணக்கை நாம் பள்ளியில் கற்பிக்கிறோம். வட்டி கட்டுவோரின் வரலாற்றைக் கற்பிப்பதில்லை. துண்டின் கதையையும் இக்குறிப்பைப் படிக்கும் முறையையும் ஒரு பாட வேளையில் சொல்லிவிடலாம். முதற் சம்பளம் வாங்கும் முன்பே மாணவர் அதனை அறிந்திருப்பாராயின், வீடு வாங்கும் வயதில் வியந்து நிற்க மாட்டார்.