மேடை எவ்வளவு உயரம்?

அம்மாவுக்குச் சீட்டில் விழுந்த பணம் எண்பதாயிரம் ரூபாய். அதற்குள் அடுக்களையைச் சரிசெய்துவிட வேண்டும். வீடு கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அப்பாவின் தாத்தா கட்டியது. திண்ணை, நடை, முற்றம், கூடம் என்று உள்ளே போய்க்கொண்டே இருந்தால், வெளிச்சம் தீர்ந்துபோகிற இடத்தில் அடுக்களை வரும். கூடத்துத் தூண்களுக்கு எனக்குத் தெரிந்தே மூன்று முறை வார்னிஷ் அடித்திருக்கிறார்கள். திண்ணைக்கு மொசைக் போட்டார்கள், பிறகு அதைப் பெயர்த்துவிட்டு டைல்ஸ் போட்டார்கள். அடுக்களையில் கடைசியாகக் கொத்தனார் கால் வைத்தது 1986இல், கேஸ் வந்தபோது.

இந்த முறை வந்த கொத்தனார் டேப்பை இழுத்துக்கொண்டே, வாசற்படியில் நின்ற என் தம்பியிடம் கேட்டார்: “மேடை வழக்கமான உயரந்தானே தம்பி?” தம்பி, “ஆமாண்ணே” என்றான். உள்ளே பாத்திரங்களை ஒழித்துக்கொண்டிருந்த அம்மா தலையை நீட்டி, “அது எவ்ளோ உயரம்?” என்றாள்.

“முப்பத்துமூணு, முப்பத்துநாலு அங்குலம்மா. எல்லா வீட்லயும் அதான்.”

அம்மா மூலையில் கிடந்த மணையைக் காலால் தள்ளி அவர் முன்னால் கொண்டுவந்தாள். சாப்பிட உட்காரும் பலகை. நடுவில் தேய்ந்து இரண்டு பாதத்தின் அளவுக்குக் குழி விழுந்திருந்தது. “இதும்மேல நின்னுதான் இத்தனை வருஷம் சமைச்சேன்” என்றாள்.

அம்மாவின் உயரம் நாலடி ஒன்பது அங்குலம். 1986இல் கட்டிய மேடை மூன்றடி. அதன்மேல் கேஸ் அடுப்பு ஐந்தங்குலம், அதன்மேல் சாதப் பானை. கரண்டி பிடித்த கை தோளுக்கு மேலே போகும். அந்த மூன்றடி எங்கிருந்து வந்தது என்று அப்பாவைக் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை. “சிலிண்டர் அடியில நிக்கணும்ல?”

நம் வீட்டு அடுக்களைகளின் வரலாற்றில் இந்தச் சிலிண்டர் ஒரு முக்கியமான ஆள். சமையல் எரிவாயு 1950களில் பம்பாயில் பர்மா ஷெல் வழியாக வந்தது. 1965இல் கல்கத்தாவில் இண்டேன் தொடங்கியது. சிறு ஊர்களுக்கு வந்துசேர இன்னும் இருபது வருடம் ஆனது. பதிந்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் எம்.பி. கோட்டாவில் யாரையாவது பிடிக்க வேண்டும். அப்படி வந்த பொருளோடு ஒரு பாதுகாப்பு விதியும் வந்தது: அடுப்பு சிலிண்டரைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பதினான்கு கிலோ சிலிண்டர் இரண்டடிக்கு மேல். அதை மறைத்துவைக்க மேடை. இப்படித் தரையில் இருந்த சமையல் எழுந்து நின்றது. உருளையை அளந்து கட்டிய மேடைக்கு முன்னால், ஆளை அளக்காமல் பெண்களை நிறுத்தினார்கள்.

அதற்கு முன்பு அடுக்களையில் இருந்த எல்லாமே உட்கார்ந்திருப்பவளுக்கான கருவிகள். மண் அடுப்பு, பக்கத்தில் கொடியடுப்பு, அரிவாள்மணை, அம்மி, ஆட்டுக்கல், திருகை, துருவுமணை. அந்த அடுக்களைக்காக நான் ஏங்கவில்லை. அப்பாயி ஊதுகுழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு இருமுவதைக் கேட்டு வளர்ந்தவள் நான். விறகு, சாணி, மண்ணெண்ணெய் போன்றவற்றால் வீட்டுக்குள் உண்டாகும் புகை 2020இல் மட்டும் உலகம் முழுக்க ஏறத்தாழ 32 லட்சம் உயிர்களைப் பறித்தது என்கிறது உலக சுகாதார நிறுவனம். சிலிண்டர் வந்தது நல்லதுதான். ஆனால் அது வந்தபோது இன்னொன்றும் நடந்தது. அமெரிக்க வரலாற்றாய்வாளர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய புத்தகத்தில் இதைத்தான் காட்டுகிறார்: புதிய சாதனங்கள் வீட்டில் ஆண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைகளை முதலில் ஒழித்தன, தாயின் நேரம் குறையவில்லை. எங்கள் வீட்டில் விறகு பிளந்தது தாத்தா. தொட்டியில் அடுக்கியது சித்தப்பா. கேஸ் வந்ததும் இருவருக்கும் வேலை போனது. மணைமேல் ஏறி நின்றவள் அம்மா ஒருத்திதான்.

சமைப்பவளின் உடம்பை அளக்க வேண்டும் என்று யாருமே நினைக்கவில்லையா? நினைத்திருக்கிறார்கள், நூறு வருடத்துக்கு முன்பே. அமெரிக்காவில் கிறிஸ்டின் ஃப்ரெடெரிக், தொழிற்சாலைத் தொழிலாளியின் அசைவுகளை அளக்கும் முறையைத் தன் வீட்டு அடுக்களைக்குக் கொண்டுவந்தார். 1913இல் வெளியான அவருடைய புத்தகம் ஐரோப்பாவரை போனது. உயரம் சரியில்லாத மேசை முதுகைத் தின்றுவிடும் என்பதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். (பின்னாளில் அவரே பெண்களுக்குப் பொருள் விற்பது எப்படி என்று கம்பெனிகளுக்குப் புத்தகம் எழுதினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.)

அந்த யோசனையைக் குறைந்த செலவில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனவர் வியன்னாவைச் சேர்ந்த மார்கரேட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி. முதல் உலகப்போருக்குப் பிறகு ஃப்ராங்க்ஃபர்ட் நகராட்சி தொழிலாளர்களுக்கு வீடுகள் கட்டியது. அவற்றுக்காக 1926இல் அவர் வரைந்த அடுக்களை ஏறத்தாழ ஆறடிக்குப் பதினோரு அடி. ரயிலின் உணவுப் பெட்டி அதற்கு முன்மாதிரி. ஒரு சுழல் முக்காலி, கையெட்டும் தூரத்தில் பருப்புக்கும் மாவுக்கும் இழுப்பறைகள், வழித்துத் தள்ளக் குப்பை இழுப்பறை. சுமார் பத்தாயிரம் வீடுகளில் பொருத்தினார்கள், செலவு வாடகையோடு சேர்ந்துவிட்டது. அந்த முக்காலி எனக்குப் பிடித்த விஷயம். நின்றுதான் ஆக வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஆனால் அந்த அறையில் ஒருவர்தான் புழங்க முடியும். கணவனோ பிள்ளையோ உள்ளே வந்து வெங்காயம் உரிக்க இடமில்லை. அதை வரைந்தபோது தனக்குச் சமையல் அனுபவம் இருந்ததில்லை என்று அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். நாஜிகளை எதிர்த்து நான்கு வருடத்துக்கும் மேல் சிறையில் கிடந்தவர், 102 வயதுவரை வாழ்ந்தவர். உலகம் அவரை ஓர் அடுக்களைக்காக மட்டுமே நினைவு வைத்திருக்கிறது.

இந்தியாவில் பேச்சு உயரத்தைப் பற்றி இல்லை, புகையைப் பற்றி. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா வார்தாவில் கிராமத் தொழில்களை வளர்த்த இடத்தின் பெயர் மகன்வாடி. அங்கே உருவான புகையில்லா அடுப்புக்கு மகன் சூலா என்று பெயர். காந்தியின் உறவினர் மகன்லாலின் நினைவாக வைத்தது. தமிழில் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். அடுப்புக்குக்கூட மகன் பெயர்தான். 1953இல் ஹைதராபாத் பொறியியல் ஆய்வுக்கூடத்தின் எஸ்.பி. ராஜு, கோடிக்கணக்கானவர்களுக்கான புகையில்லா அடுக்களை என்று ஒரு சிறு நூலைச் சென்னையில் வெளியிட்டார். களிமண்ணும் புகைபோக்கியும் போதும், புகை, கரி, வெக்கை, விறகு விரயம், தீ ஆபத்து ஆகியவற்றிலிருந்து பெண்ணுக்கு விடுதலை என்றார். நல்ல மனிதர், நல்ல நோக்கம். முப்பது வருடம் கழித்து, 1980களில், மத்திய அரசு மேம்பட்ட அடுப்புத் திட்டத்தைத் தொடங்கி 2002 வரை நடத்தியது. மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் என்று கணக்கு. அவற்றில் பல, புகைபோக்கி அடைத்தும் வாய் உடைந்தும் ஓரிரு வருடத்தில் கைவிடப்பட்டன. இலக்கு எண்ணிக்கைக்காகக் கட்டிய அடுப்பில் அவளுடைய பானை உட்காரவில்லை.

இதில் எனக்கு வெளிச்சமாகத் தெரிவது நாடா என்ற சிற்றூர். சண்டிகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. லெ கொர்புசியே திட்டமிட்ட நகரத்தில் கட்டடக்கலை படித்த மது சரின், 1980களின் தொடக்கத்தில் அந்த ஊர்ப் பெண்களோடு உட்கார்ந்து ஓர் அடுப்பை உருவாக்கினார். நாடா சூலா என்று பெயர் பெற்றது. அடுப்பைவிட முக்கியம், அதைக் கட்டும் வேலையைப் பெண்களுக்கே கற்றுக்கொடுத்தது. அவர்கள் சூலா மேஸ்திரிகள் ஆனார்கள். கட்டியதற்குக் கூலி வாங்கினார்கள். பானையின் அளவையும் உட்காரும் விதத்தையும் சமைப்பவளிடம் கேட்டுக் கட்ட, அதே ஊரில் ஒருத்தி இருந்தாள்.

எங்கள் வீட்டில் கேட்பதற்கு ஆள் இல்லாமல் இல்லை. கேட்டால் செலவாகும் என்ற பயம்தான். அம்மா தனக்கு 28 அங்குலம் வேண்டும் என்றதும் தம்பி தயங்கினான். “நாளைக்கு வாடகைக்கு விட்டா வர்றவங்களுக்குக் குட்டையா இருக்குமேம்மா.” இன்னும் வராத குடித்தனக்காரியின் முதுகு அவனுக்குத் தெரிந்தது. அவன் கெட்டவன் இல்லை, வீடு அவனுக்குச் சொத்தாகவும் தெரிகிறது, அவ்வளவுதான். 1989இல் தமிழ்நாடு வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது நான் கல்யாணம் ஆகாதவள். அதனால் இந்த வீட்டில் எனக்கும் பங்கு உண்டு. அப்பா திண்ணையில் இருக்கிறார். மருமகளாக வந்து ஐம்பது வருடம் இங்கே சமைத்த அம்மாவின் பெயரில் ஒரு செங்கல்கூட இல்லை. சீட்டுப் பணம் மட்டும் அவளுடையது. என் பங்கைச் சொல்லி நான் பேச வேண்டியிருந்தது. எனக்கு அது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அடுப்பு நிற்கும் பக்கம் 28, காய் நறுக்கும் பக்கம் 31 என்று முடிவானது. சிலிண்டரை மேடைக்கு அடியில் திணிக்காமல் வெளியே ஓரமாக நிறுத்தினோம்.

எண்பதாயிரத்தை எப்படி நீட்டினோம் என்பதையும் சொல்கிறேன், பழைய வீடு வைத்திருக்கும் தோழிகளுக்கு உதவும். சுவர் செங்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய சுவர். அதன்மேல் 1986இல் பூசிய சிமெண்ட் முழங்கால் உயரத்துக்குப் பொரிந்து உப்புப் பூத்திருந்தது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் அதை உள்ளே அடைத்துவைக்கும். மேலே டைல்ஸ் ஒட்டி மறைத்திருந்தால் இரண்டே மழையில் கழன்றிருக்கும். கொத்திவிட்டுச் சுண்ணாம்பே பூசினோம். அந்த வேலை தெரிந்த பெரியவரைத் தேடத்தான் நாளானது. கிரானைட்டுக்குப் பதில் கடப்பா கல். டைல்ஸ் அடுப்புக்குப் பின்னால் மட்டும், அதுவும் கடையில் மீந்த பெட்டிகள். கூரையில் ஆறு ஓடுகளை எடுத்துவிட்டுக் கண்ணாடி ஓடு வைத்தோம். சில நூறு ரூபாய்தான். அன்று பகலில் அம்மா விளக்குப் போடாமல் அரிசி களைந்தாள். ஐம்பது வருடமாக அந்தச் செலவு யாருக்கும் தோன்றவில்லை. மாடக்குழிகளை அப்படியே விட்டுவிட்டோம்.

மிச்சம் இருந்த பணத்தில் ஒரு தொட்டி வைக்கலாம். அம்மா ஜன்னலுக்குக் கீழே உள்ளே வைக்கச் சொன்னாள். எங்கள் வீட்டில் முப்பது வருடமாகப் பாத்திரம் தேய்க்கும் அக்கா எங்கே தேய்ப்பார் என்று கேட்டேன். அவர் கொல்லையில் கிணற்றடிக் குழாய்க்கு முன்னால் குத்துக்கால் வைத்து உட்கார்ந்துதான் தேய்ப்பார். அடுக்களைக்குள் அவர் வந்ததில்லை. ஏன் வந்ததில்லை என்று இந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு எல்லோருக்கும் தெரியும். கொல்லைக் கதவு அதற்காகத்தான் தனியாக இருக்கிறது.

“அவ அங்கயே தேய்க்கட்டுமே, பழக்கந்தானே” என்றாள் அம்மா.

கொத்தனார் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மணையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எழுத எனக்கு ஆசைதான். அவள் பருப்புடப்பாவின் மூடியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

உள்ளே வருவதைப் பற்றிய சண்டை அன்று தீரவில்லை, இன்னும் தீரவில்லை. அம்மா ஒத்துக்கொண்டது இவ்வளவுதான்: உள்ளே தொட்டி வேண்டாம், அந்தப் பணத்தில் கொல்லையில் நின்று தேய்க்கிற மாதிரி ஒரு மேடையும் தொட்டியும் கட்டலாம், தானும் அங்கேயே கழுவிக்கொள்கிறேன். மறுநாள் காலையில் அக்கா வந்ததும் கொத்தனார் டேப்பை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். “எவ்ளோ உயரம்மா வைக்கட்டும்?” அக்கா முதலில் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முழங்கையை மடக்கிச் சுவரோரம் நின்றார். அம்மாவைவிட அரையடி உயரம் அவர். 32 என்று கொத்தனார் கரித்துண்டால் சுவரில் கோடு போட்டார்.

“அளவு சரி. மேல ஒரு தகரம் போடுங்க, சித்திரையில இங்க நிக்க முடியாது” என்றார் அக்கா.

தகரத்தோடு சேர்ந்து செலவு எண்பத்துமூவாயிரத்து நானூறு. மேற்கொண்டு வந்த மூவாயிரத்து நானூறை அம்மா பருப்புடப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.