கணக்கு, இசை, அணு: ஒரு பாடத்திட்டத்தின் நெடுவழி

கலீஃபா மஃமூனின் ஆட்சிக் காலத்தில் (813–833) பக்தாதில் வாழ்ந்த முஹம்மத் இப்னு மூஸா அல்குவாரிஸ்மீ, ‘அல்ஜப்ர் வல்முகாபலா’ என்னும் கணக்கு முறையைப் பற்றி ஒரு நூல் இயற்றினார். உலகக் கல்லூரிகள் இன்று ‘அல்ஜீப்ரா’ என வழங்கும் துறைக்குப் பெயர் தந்தது அந்நூலே. இதை நாம் மேடைதோறும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறோம். ஆயின் அந்நூலின் ஏறத்தாழப் பாதிப் பகுதி எதைப் பற்றியது என்று வினவினால் விடை சொல்வோர் சிலரே. அது வஸிய்யத்தையும் வாரிசுப் பங்கீட்டையும் பற்றியது. மார்க்கச் சட்டத்தின் தேவையும் கணிதத்தின் வளர்ச்சியும் ஒரே ஏட்டில் பக்கம் பக்கமாக அமர்ந்திருந்த காலம் அது.

ஃபராயிள் கற்றோர் ‘மிம்பரிய்யா’ என்னும் வழக்கை அறிவர். ஒருவர் மனைவி, இரு பெண்மக்கள், தாய், தந்தை ஆகியோரை விட்டு மரணிக்கிறார். மனைவிக்கு எட்டில் ஒன்று. பெண்மக்கள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தாய்க்கும் தந்தைக்கும் ஆறில் ஒன்று வீதம். சொத்தை 24 பாகமாக்கினால் 3, 16, 4, 4 எனப் பங்குகள் வரும். கூட்டினால் 27. இருப்பதோ 24. எனவே சொத்தை 27 பாகமாகவே பிரிக்க வேண்டும். மனைவியின் எட்டில் ஒன்று ஒன்பதில் ஒன்றாகிவிடும். மிம்பரில் உரையாற்றிக்கொண்டிருந்தபோதே ஹழ்ரத் அலீ (ரலி) அவர்கள் இதற்கு விடை பகர்ந்ததாக அறிவிக்கப்படுவதால் வழக்குக்கு இப்பெயர். எவருக்கும் அநீதி நேராமல் எல்லாப் பங்குகளையும் ஒரே விகிதத்தில் குறைக்கும் இம்முறைக்கு ‘அவ்ல்’ என்று பெயர். பின்னங்களைக் கூட்டத் தெரியாத மாணவருக்கு இதை ஓதிக் கொடுப்பது எத்துணைக் கடினம் என்பதை அரபுக் கல்லூரி ஆசிரியர் எவரும் சொல்வர். பாடத்தைத் தொடங்குமுன் சில நாட்கள் பள்ளிக்கூடக் கணக்கைச் சொல்லிக் கொடுப்பதிலேயே கழிந்துவிடும்.

இமாம் கஸ்ஸாலீ (ரஹ், மறைவு 1111) அவர்கள் ‘இஹ்யா’வின் முதற்பகுதியாகிய அறிவு பற்றிய அத்தியாயத்தில் மருத்துவத்தையும் கணக்கையும் பர்ளு கிஃபாயாவில் சேர்த்துள்ளார்கள். கொடுக்கல் வாங்கலுக்கும் வஸிய்யத்துக்கும் பங்கீட்டுக்கும் கணக்கு வேண்டும் என்பதே காரணம். ஓர் ஊரில் அதை அறிந்தவர் ஒருவரும் இல்லையெனில் ஊர் முழுதும் குற்றத்துக்குள்ளாகும். ‘அல்முன்கிது’ என்னும் நூலில் அவர்கள் மேலும் ஒரு படி செல்கிறார்கள். நிறுவப்பட்ட கணித உண்மைகளை மறுப்பதன் மூலம் மார்க்கத்துக்கு உதவுவதாக எண்ணும் அறியாத நண்பனால் மார்க்கத்துக்குத் தீங்கே விளையும் என்பது அவர்கள் கருத்து. தத்துவவாதிகளைக் கடுமையாக மறுத்தவர் எழுதியது என்பதால் இதற்குத் தனி எடை உண்டு.

இனி இசைக்கு வருவோம். இசை கேட்பதன் ஆகுமானது, ஆகாதது பற்றிய ஃபிக்ஹு விவாதம் வேறு. அதில் இங்கு நான் நுழையவில்லை. இசையை ஓர் எண்ணியல் துறையாக ஆராய்ந்தது வேறு. கிரேக்க மரபைப் பின்பற்றி நம் அறிஞர்கள் ‘ரியாளிய்யாத்’ என்னும் கணிதத் துறைகளை நான்காக வகுத்தனர்: எண்கணிதம், வடிவகணிதம், வானியல், இசை. அல்கிந்தீ இசை பற்றிச் சிறு நூல்கள் எழுதினார். அல்ஃபாராபீ (மறைவு 950) ‘கிதாபுல் மூஸீக்கா அல்கபீர்’ என்னும் பெருநூலைத் தந்தார். இப்னு ஸீனா தம் ‘ஷிஃபா’வின் கணிதப் பகுதியில் இசைக்கும் இடம் ஒதுக்கினார். 1406இல் மறைந்த இப்னு கல்தூனும் ‘முகத்திமா’வில் இசையைக் கணிதத் துறைகளுள் ஒன்றாகவே எண்ணுகிறார்.

இதில் கணக்கு எங்கே இருக்கிறது? தந்தியொன்றைச் சரிபாதியில் அழுத்தி மீட்டினால் மேல் ஸ்தாயி ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்கு நீளத்தை ஒலிக்கச் செய்தால் பஞ்சமம். நான்கில் மூன்று பங்கை ஒலிக்கச் செய்தால் மத்திமம். குரலைத் தொடக்கமாகக் கொண்டால் பழந்தமிழர் இவற்றை இளி என்றும் உழை என்றும் வழங்கினர். கடைசி அப்பாஸியக் கலீஃபாவின் அவையில் இருந்து, 1258இல் பக்தாதின் அழிவையும் கண்டு பிழைத்த ஸஃபிய்யுத்தீன் அல்உர்மவீ ஒரு ஸ்தாயியைப் பதினேழு இடைவெளிகளாகப் பகுத்தார். ஏறத்தாழ ஆறரை நூற்றாண்டுகளுக்குப் பின்னர் தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர், ஸ்தாயிக்கு 22 சுருதி என்னும் கொள்கையை மறுத்து, 24 என்று கணக்கிட்டுக் ‘கருணாமிர்த சாகர’த்தை 1917இல் வெளியிட்டார். விஞ்ஞானப் பட்டம் பெற்றவரும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கியவருமான விபுலானந்த அடிகள், வழக்கொழிந்த யாழை எண்களின் துணைகொண்டு மீட்டெடுக்க முயன்று 1947இல் ‘யாழ் நூ’லை அரங்கேற்றினார். பக்தாதும் தஞ்சையும் சிதம்பரமும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே கேள்வியைக் கேட்டிருக்கின்றன.

நம் நாட்டு மதரஸாக்களின் கதை வேறு. லக்னோவின் ஃபிரங்கி மஹல்லில் முல்லா நிஜாமுத்தீன் (மறைவு 1748) வகுத்த ‘தர்ஸே நிஜாமீ’யில் இசை இடம்பெறவில்லை. கணிதம் இடம்பெற்றது. யூக்ளிடின் முதல் அத்தியாயமும், பஹாவுத்தீன் ஆமிலீ (மறைவு 1621) எழுதிய ‘குலாஸத்துல் ஹிஸா’பும், வானியலில் ‘ஷரஹு சக்மீனீ’யும் ஓதப்பட்டன. ஆமிலீ, இஸ்ஃபஹானில் வாழ்ந்த ஷியா அறிஞர். அவருடைய கணக்கு நூலை சுன்னத் ஜமாஅத் மதரஸாக்கள் தயக்கமின்றி ஏற்றன. எண்ணுக்கு மத்ஹப் இல்லை என்று அப்பெரியோர் அறிந்திருந்தனர் போலும்! இந்த மரபு நம் மண்ணுக்கும் நேராக வந்தது. முல்லா நிஜாமுத்தீனின் மைந்தர் ‘பஹ்ருல் உலூம்’ அப்துல் அலீ அவர்கள் நவாப் வாலாஜா முஹம்மத் அலீயின் அழைப்பை ஏற்றுச் சென்னை வந்து, அங்கேயே கற்பித்து, 1810இல் மறைந்து, திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசல் வளாகத்தில் அடங்கியுள்ளார்கள்.

பின்னர் நிகழ்ந்தது பிரிவினை. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது. கணிதமும் விஞ்ஞானமும் அங்கே சென்றன. மதரஸாவில் அவை மெல்ல மெல்லச் சுருங்கின. இசையும் ஒரு நாள் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்தது: அண்ணாமலையில் 1929இல் இசைக் கல்லூரியாக, சென்னையில் 1932இல் துறையாக. ஹிஸாபை இழந்ததே நம் மதரஸாக்களுக்கு நேர்ந்த பேரிழப்பு என்பது என் கருத்து. இசையை இழந்தோம் என்று வருந்துவோர் ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்த நாதசுர மேதை ஷேக் சின்ன மௌலானாவை (1924–1999) நினைத்து ஆறுதல் கொள்ளலாம். ஹிஸாபின் இடத்தை நிரப்ப அப்படி ஒருவரை என்னால் சுட்ட இயலவில்லை. 1951இல் திருச்சியில் ஜமால் முஹம்மத் கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் எழுந்தது இப்பிரிவினையின் மறுகரையில்தான்.

அணுவுக்கும் இப்பழங்கணக்குக்கும் என்ன தொடர்பு? சதுரங்கப் பலகையின் முதற்கட்டத்தில் ஒரு தானியம், அடுத்ததில் இரண்டு, பின்னர் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களுக்கும் சேர்த்து எத்தனை? அல்பீரூனீ இதைக் கணக்கிட்டுக் கண்ட விடை 18,446,744,073,709,551,615. யுரேனியத்தின் அணுக்கரு பிளவுறும்போது இரண்டு, மூன்று நியூட்ரான்கள் வெளிப்பட்டு அடுத்த அணுக்களைத் தாக்குகின்றன. ஒவ்வொரு தலைமுறையும் இரட்டித்தால், ஏறத்தாழ எண்பத்தொரு தலைமுறையில் ஒரு கிலோ யுரேனியம்-235இன் அணுக்கள் அத்தனையும் பிளந்துவிடும். அதுதான் குண்டு. பிளவு ஒவ்வொன்றிலிருந்தும் சராசரியாக ஒரேயொரு நியூட்ரான் மட்டுமே அடுத்த பிளவை நிகழ்த்துமாறு நிறுத்தினால் அது மின்னுலை. இரண்டா, ஒன்றா என்னும் அந்த எண்ணில்தான் அழிவும் ஆக்கமும் பிரிகின்றன. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983இலும், வேக ஈனுலை ஆய்வு உலை 1985இலும் அந்தச் சமநிலையை எட்டின. கூடங்குளத்தின் முதல் உலை 2013இல் எட்டியது. இவ்வுலைகளுக்கான விஞ்ஞானிகளைப் பயிற்றுவிக்கும் பள்ளி டிராம்பேயில் 1957 முதல் இயங்கி வருகிறது. அங்கே நுழைவதற்குப் பொறியியலோ விஞ்ஞானமோ கற்றிருக்க வேண்டும். இரண்டுக்கும் கணிதமே வாயில்.

வெள்ளாற்றங்கரையில், திட்டக்குடிக்கு எதிர்க்கரையில் அமைந்த லப்பைக்குடிக்காடு போன்ற ஊர்களுக்கு இது தொலைவான செய்தியன்று. இவ்வூர்களிலிருந்து பிழைப்புத் தேடி இளைஞர்கள் செல்லும் அமீரகத்தில், அபூதபீயின் பராக்காவில் கட்டப்பட்ட நான்கு அணு உலைகளுள் முதலாவது 2020இல் மின்கட்டமைப்பில் இணைந்தது. நான்காவது 2024இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. அந்நாட்டு மின்தேவையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை அவை தருகின்றன. அபூதபீயின் கலீஃபா பல்கலைக்கழகம் அணுப்பொறியியலில் முதுநிலைப் படிப்பை நடத்துகிறது. ஆயினும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளையின் தகப்பனார் நம்மிடம் வந்து கேட்பது, “ஹழ்ரத், எதைப் படித்தால் சீக்கிரம் விசா கிடைக்கும்?” என்பதே. கணிதத்தில் பட்டம் பெற விரும்புகிறான் என்று அப்பிள்ளையே சொன்னாலும், “வாத்தியார் வேலைக்கா?” என்று வீட்டில் மறுமொழி வந்துவிடுகிறது. அடுத்த வாரம் அதே வீட்டில் பாகப்பிரிவினைப் பேச்சு எழும்போது, மிம்பரிய்யாவைப் போட்டுக் காட்ட ஆள் தேடி அலைகிறார்கள்.