மண் தாங்காததை ஏரி தாங்கியது

அமெரிக்கப் புல்வெளிகளில் காற்று குவித்த வண்டல் பல அடி ஆழம் இறங்கும். மிகுநீரை வடியவிட்டு, ஓரடி மண்ணில் ஏறக்குறைய இரண்டு அங்குல நீரைப் பயிருக்கெனப் பிடித்துவைக்கும். தமிழ்நாட்டின் சாலவாக்கம் பக்கத்து மேட்டுச் செம்மண்ணுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை; பெய்த மழை சீக்கிரமே கைவிட்டுப் போகும். அருகிலுள்ள உத்திரமேரூரின் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தல் முறைக்காகவே புகழ்கிறோம். அவற்றில் ஏரி வாரியத்துக்கென ஆறு பேரைத் தேர்ந்ததை மண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும்: நிலம் சேமிக்காத நீரை ஊர் சேமித்தது.

மழை சில மாதங்களில் கொட்டித் தீர்ப்பதே ஏரிக்குக் காரணம், மண் அல்ல என்பார்கள். பாதி உண்மை. அதே வடகிழக்குப் பருவமழையை நம்பும் கோவில்பட்டிக் கரிசலில், மண்ணில் தங்கிய ஈரத்தைக் கொண்டே மானாவாரிப் பருத்தி விளைகிறது. மழையோடு மண்ணும் சேர்ந்தே ஊரின் ஏற்பாட்டைத் தீர்மானிக்கிறது. கோடையில் ஏரி வண்டலை வெட்டி, மண் ஈரம் பிடிக்க வயலில் கொட்டும் வழக்கமும் இதையே காட்டுகிறது. அமெரிக்கப் புல்வெளியில் காற்று செய்த வேலையை இங்கே மண்வெட்டியும் மாட்டுவண்டியும் செய்தன.