கோவிலடிக் கரையும் சில தடித்த புத்தகங்களும்



சென்ற வாரம் ஒரு முன்னாள் மாணவர் கேட்டிருந்தார்: "சார், போர் வரலாறுன்னு ஆயிரம் பக்கத்துல புத்தகம் போடறாங்களே, அதை யார் படிக்கிறாங்க? யார் ஜெயிச்சாங்க, எந்த வருஷம்னு போன்ல தட்டினா வந்துடுதே?"

நியாயமான கேள்வி. நான்கு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன், நீண்டுவிட்டது. வகுப்பிலும் எனக்கு அந்த வழக்கம் உண்டென்பது உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிப் பாடத்தில் கர்நாடகப் போர்கள் பற்றி என்ன படித்தோம்? ராபர்ட் கிளைவ், டூப்ளே, ஆற்காடு முற்றுகை, வந்தவாசி. தஞ்சாவூருக்கு அதிகம் போனால் ஒரு வரி: "1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சையை முற்றுகையிட்டுத் தோற்றார்." பரீட்சைக்கு அது போதும். ஆனால் லாலி ஏன் வந்தார், ஏன் தோற்றார், அவர் படை நடந்து வந்த ஊர்களில் என்ன ஆயிற்று? இவை அந்த ஒரு வரிக்குள் இல்லை.

இதற்கெல்லாம் விடை சொல்லும் புத்தகம் ஒன்று இருநூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறது. ராபர்ட் ஓர்ம் என்ற ஆங்கிலேயர் எழுதியது. 1728-இல் கேரளக் கரையில் அஞ்சுதெங்கில் பிறந்தவர். சென்னையில் கம்பெனியின் ஆலோசனைச் சபையில் உறுப்பினராக இருந்தவர். இந்துஸ்தானத்தில் ஆங்கிலேயர் நடத்திய போர்களின் வரலாற்றை விரிவாக எழுதினார். முதல் தொகுதி 1763-இல் வந்தது, அடுத்தது 1778-இல். நாள்வாரியாக, ஊர்வாரியாக, வரைபடங்களோடு எழுதப்பட்ட நூல்.

அதில் 1754-ஆம் ஆண்டு நடந்த ஒன்றை நம் டெல்டாக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

கல்லணைப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். கொள்ளிடம் பள்ளம், காவிரி மேடு. நடுவில் இருக்கும் கரை உடைந்தால் காவிரித் தண்ணீர் முழுவதும் கொள்ளிடத்தில் இறங்கி, யாருக்கும் பயனில்லாமல் கடலுக்குப் போய்விடும். தஞ்சைச் சீமையின் சோறு அந்தக் கரையில்தான் இருக்கிறது. 1754 மே மாதம் பிரெஞ்சுப் படையும் மைசூர்ப் படையும் கோவிலடியைப் பிடித்தன. பிடித்த கையோடு அந்தப் பெரிய கரையை வெட்டிவிட்டன. தஞ்சாவூர் கோட்டை மேல் ஒரு குண்டு விழவில்லை. ஆனால் ஆடி மாதம் ஆற்றில் தண்ணீர் வரும் நேரத்துக்கு முன்னால் கரையை வெட்டினால் என்ன அர்த்தம் என்று விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பிறகு தஞ்சை அரசு ஆட்களை அனுப்பிக் கரையை மறுபடி கட்டியது. வேலை நடந்த இடத்துக்கு ஆங்கிலேயப் படை காவல் நின்றது.

இதை எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் கற்பித்ததில்லை, அங்கே இது இல்லாததால். சுருக்கமான புத்தகம் போரின் முடிவைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். விரிவான புத்தகத்தில்தான் போரின் வழி தெரியும். நமக்கு வேண்டியது பெரும்பாலும் வழியில்தான் கிடக்கிறது.

லாலி கதைக்கு வருவோம். 1749-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் தஞ்சையை முற்றுகையிட்டபோது, மன்னர் பிரதாப சிங் 56 லட்சம் ரூபாய்க்குப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தார். ஒன்பது வருஷம் கழித்து, கையில் காசில்லாத லாலி அந்தப் பழைய கடனை வசூலிக்கத்தான் படையோடு புறப்பட்டார். சாப்பாட்டுக்கு ஏற்பாடு இல்லை, வண்டிமாடு இல்லை. கொள்ளிட முகத்தில் இருக்கும் தேவிக்கோட்டைக்குப் பசியோடு வந்த சிப்பாய்களுக்கு அங்கே நெல் கிடைத்தது. குத்தி அரிசியாக்க வழியில்லை. நெல் விளையும் நாட்டில் நெல்லைக் கையில் வைத்துக்கொண்டு பட்டினி கிடந்தது அந்தப் படை.

வழியில் கீழ்வேளூர்க் கோயிலில் புதையல் தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. அங்கிருந்த பிராமணர்கள் ஆறு பேரை ஒற்றர்கள் என்று சொல்லி, பீரங்கி வாயில் கட்டிக் கொன்றார்கள். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கத்து மாணவர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

கோட்டைச் சுவரைப் பிளக்க முயன்றபோது வெடிமருந்து போதவில்லை. அந்த நேரத்தில் காரைக்கால் பக்கத்துக் கடலில் ஆங்கிலேயக் கப்பல்களோடு மோதிய பிரெஞ்சுக் கப்பற்படை பின்வாங்கிய சேதி வந்தது. தஞ்சைப் படை கோட்டையை விட்டு வெளியே வந்து தாக்கியது. ஆகஸ்டில் லாலி முற்றுகையை விட்டுத் திரும்பினார். ஆக, தஞ்சையைக் காத்தது வீரம் மட்டுமல்ல. எதிரியின் காலி வயிறும், காலி வெடிமருந்துப் பெட்டியும், கண்ணுக்கெட்டாத கடலில் நடந்த சண்டையும் சேர்ந்துதான்.

இன்னும் அகலமாகப் பார்க்க வேறு வகைப் புத்தகம் வேண்டும். அமெரிக்காவில் 1970-இல் டூப்பூய் என்ற தந்தையும் மகனும் ஒரு போர் வரலாற்றுக் கலைக்களஞ்சியம் கொண்டுவந்தார்கள். உலகப் போர்கள் அனைத்தையும் காலவாரியாக, நாடுவாரியாக ஒரே நூலில் அடுக்கிய முயற்சி. அப்படிப்பட்ட நூலில் நம் ஊருக்கு அதிக இடம் கிடைக்காது. ஆனால் 1758-ஆம் ஆண்டைப் புரட்டினால், அதே நேரத்தில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இங்கிலாந்தும் பிரான்சும் மோதிக்கொண்டிருப்பது தெரியும். 1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரின் ஒரு துண்டுதான் தஞ்சைக் கோட்டை வாசலில் விழுந்தது. கீழ்வேளூரில் செத்தவர்களுக்கு அந்தச் சண்டையில் எந்தப் பங்கும் இல்லை.

இத்தனை சொல்லிவிட்டு ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். தடித்த புத்தகம் என்பதாலேயே அது சத்தியவாக்கு ஆகிவிடாது. ஓர்ம் கம்பெனிக்காரர். அவர் கண்ணுக்கு ஆங்கிலேயத் தளபதிகள் பெயரோடு தெரிகிறார்கள். கோவிலடிக் கரையை மறுபடி கட்டியவர்கள் கூலியாட்களாக மட்டும் தெரிகிறார்கள். ஆகவே பக்கத்தில் வேறு சாட்சிகளையும் வைத்துப் படியுங்கள். புதுச்சேரி துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு இருக்கிறது. லாலியின் காலமும் அதில் அடக்கம். நம் பெரிய கோயில் சுவரிலேயே இரண்டாம் சரபோஜி 1803-இல் மராத்தியில் வெட்டுவித்த போன்ஸ்லே வம்ச சரித்திரம் இருக்கிறது. அடுத்து வந்த காலத்துக்கு வில்சன் எழுதிய சென்னைப் படை வரலாறு பல தொகுதிகள், 1882 முதல் வெளிவந்தவை. 1773-இல் ஆற்காட்டு நவாபுக்காக ஆங்கிலேயர் தஞ்சையைப் பிடித்தது, 1782-இல் பிரெய்த்வெய்ட்டின் படை கொள்ளிடக் கரையில் திப்புவிடம் சிக்கியது எல்லாம் அந்தக் காலத்துச் செய்திகள்தான்.

ஒரு சாட்சியை இன்னொரு சாட்சியோடு ஒப்பிடத் தேதியும் இடமும் எண்ணிக்கையும் வேண்டும். அதைத் தருவதுதான் ஒரு நல்ல தொகுப்பு நூலின் வேலை. அது தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. விசாரிக்க நமக்கு வழி செய்தால் போதும்.

நம் குழுக்களில் வரும் செய்திகளைப் பாருங்கள். ராஜேந்திர சோழன் கடாரத்துக்கு இத்தனை ஆயிரம் கப்பல் அனுப்பினான் என்று ஒருவர் எழுதுவார், இன்னொருவர் அதை இரட்டிப்பாக்குவார். மெய்க்கீர்த்தி பல கப்பல்கள் என்ற அளவில்தான் சொல்கிறது. ஆனால் வென்ற ஊர்களின் பெயர்களை வரிசையாகச் சொல்கிறது. கல்வெட்டில் உள்ளதை விட்டுவிட்டு இல்லாததைப் பரப்புவது சோழனுக்கு நாம் செய்யும் மரியாதை ஆகாது.

இந்த அகலமும் ஆழமும் சேர்ந்த போர் வரலாற்றுத் தொகுப்பு ஒன்றைத் தமிழில் யாராவது செய்ய வேண்டும் என்பது என் ஆசை. ஊர்ப் பெயர்களைச் சரியாக எழுதி, இரு தரப்புச் சான்றுகளையும் அருகருகே வைத்து, வெட்டப்பட்ட கரைகளையும் அழிந்த வெள்ளாமையையும் சேர்த்து எழுதிய தொகுப்பு. உங்களில் பேராசிரியர்கள் இருக்கிறீர்கள், நூலகர்கள் இருக்கிறீர்கள், வெளிநாட்டு நூலகங்களுக்குள் போகக்கூடிய பிள்ளைகள் இருக்கிறீர்கள். ஒருவராக முடியாது, பத்துப் பேர் சேர்ந்தால் முடியும்.

அதுவரை ஒரு சின்ன வேலை தருகிறேன். விடுமுறையில் ஊருக்கு வரும்போது பிள்ளைகளைக் கல்லணைக்கு அழைத்துப் போவீர்கள் அல்லவா? அப்படியே கோவிலடிக்கும் போங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் அந்தக் கரையில் பிள்ளைகளை நிறுத்தி, 1754-இல் இங்கே என்ன நடந்தது என்று சொல்லுங்கள். அவர்கள் கேட்கும் முதல் கேள்வியை எனக்கு எழுதி அனுப்புங்கள். புத்தகத்தில் தேடிப் பார்த்துப் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாற்று வாத்தியார்